உள்ளத்தின் நோய்க்கும் சிகிச்சை உண்டு



உயர்தரப் பரீட்சை முடிவு வந்ததிலிருந்து அறைக்குள் முடங்கிக் கிடக்கும் பிள்ளையிடம், "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்லிவிடாதீர்கள். மகன் யூஸுபைப் பிரிந்த துயரத்தால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை அல்குர்ஆன் கூறுகின்றது. அவர்கள் நபியல்லவா?

கி.பி. 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே மருத்துவ நூல் எழுதினார். அவசரத்துக்கென வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்கச் சொன்னார். 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் வகுத்த முறையும் எண்ணத்திலிருந்தே தொடங்குகின்றது. இன்று அது வளர்ந்து அறிகை நடத்தைச் சிகிச்சை எனப்படுகின்றது.

"நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணத்தைத் தாளில் எழுதச் செய்வார்கள். அதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று கேட்பார்கள். ஒரு பாடத்தில் தவறியவன் எல்லாவற்றிலும் தவறியவனா? பின்னர், கைவிட்ட சிறு காரியமொன்றை, அஸருக்குப் பின் நண்பனுடன் நடப்பதையேனும், நேரம் குறித்துச் செய்யச் சொல்வார்கள். (தொழுகையையும் ஓதலையும் விடச் சொல்லும் சிகிச்சையன்று இது.)

இரண்டு வாரங்களாகப் பதகளிப்போ மனச்சோர்வோ நீங்கவில்லையெனில் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாக வேண்டும் என்று பிள்ளை ஒருமுறை சொன்னாலும் அன்றே செல்லுங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926, தமிழிலும் பேசலாம்.