மோட்டார் வண்டி கைமாறுங்கால் கவனிக்கத்தக்கவை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வி விருத்தி, விவாகச் செலவுச் சிக்கனம், வியாபார அபிவிருத்தி முதலிய பொருள்களைப் பற்றி இம்மேடையில் பலரும் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். மோட்டார் வண்டியின் இன்ஷூரன்ஸைப் பற்றிப் பேச நாம் எழுந்திருப்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நம்மவர் வீடுகளில் வண்டியில்லாத வீடு அருகிவரும் இந்நாளில், பழைய வண்டியைக் கொடுத்துப் புதிய வண்டி கொள்ளும்போது செய்யவேண்டிய சில காரியங்களை அசட்டை செய்வதால் ஒரு குடும்பத்தின் ஆஸ்திக்கே அபாயம் நேரக்கூடுமாதலின், இவ்விஷயம் சங்கத்தின் கவனத்துக்கு உரியதே எனத் துணிந்தோம்.

நம்மவர் கொடுக்கல் வாங்கலில் வாய்ச்சொல்லே பத்திரம் என்பது முன்னோர் நமக்கு வைத்துப்போன பெருமை. அப்பெருமையை நாம் குறைவாகப் பேச வரவில்லை. ஆனால் வண்டி விஷயத்தில் அவ்வழக்கம் எவ்விதம் நடக்கின்றது என்பதைச் சற்றுப் பாருங்கள். புது வண்டி வந்தவுடன் பழையது மைத்துனருக்கோ, மாப்பிள்ளைக்கோ, பங்காளிக்கோ போகின்றது. விலை பேசிக் கொள்ளப்படுகின்றது; அல்லது விலையின்றியே கொடுக்கப்படுகின்றது. விற்பவர் 29, 30-ஆம் எண் பாரங்களில் வெறுமனே கையொப்பமிட்டுச் சாவியுடன் நீட்டிவிடுகின்றார். "நம் வீட்டுப் பிள்ளைதானே, சாவகாசமாக மாற்றிக்கொள்ளட்டும்" என்பது பேச்சு. அந்தச் சாவகாசம் வருஷக் கணக்கில் நீளுகின்றது. இங்கே எவருடைய நாணயத்திலும் குறையில்லை. ஆனால் வண்டி தெருவில் ஒருவர்மீது மோதிவிட்டால், சட்டம் நாணயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ரிஜிஸ்டரில் எவர் பெயர் இருக்கின்றது என்றே கேட்கின்றது.

தெருவிற் செல்வோர்க்கு வண்டியால் நேரும் சாவுக்கும் காயத்துக்கும் ஈடு செய்யத்தக்க இன்ஷூரன்ஸ், 1939-ஆம் வருஷத்து மோட்டார் வண்டிச் சட்டத்தின்படி 1946-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி முதல் இந்நாட்டிற் கட்டாயமாயிற்று. அதற்குப் பதிலாக ஏற்பட்ட 1988-ஆம் வருஷத்துச் சட்டமும் 146-ஆவது பிரிவில் அவ்விதியையே நிலைநிறுத்தியுள்ளது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டுவோர்க்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனினும் அபராதம் அற்பமே. விபத்தில் உயிர் நீத்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடே பெரிது. அது கைப்பணத்திலிருந்து போகும்படி நேர்ந்தால் வீடும் நிலமும் மிஞ்சுவது அரிது.

முதலாவதாக, ரிஜிஸ்டரில் பெயர் மாற்றுவதைக் கவனிப்போம். வண்டியை விற்றவர் ஒரே ராஜ்யத்துக்குள்ளாயின் 14 நாட்களுக்குள் ரிஜிஸ்டிரேஷன் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். இதைச் செய்யாமையால் விளைந்த கேட்டை 2018-ஆம் வருஷம் பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அளித்த ஒரு தீர்ப்பிற் காணலாம். ஒருவர் 2007-இல் தம் வண்டியை விற்றதாகச் சொன்னார். வாங்கியவர் பிறிதொருவருக்கு விற்க, அவ்வண்டி மேலும் கைமாறிச் சென்று 2009-இல் விபத்துக்குள்ளாகி ஒரு குழந்தையின் உயிரைப் பலிகொண்டது. ரிஜிஸ்டரிலோ முதல்வர் பெயரே நின்றது. எவர் பெயர் அங்கே நிற்கின்றதோ அவரே சட்டத்தின் கண்ணுக்கு உடையவர் என்றும், ஈடு கொடுக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்றும், அடிபட்டவர் வண்டி சென்ற வழியெல்லாம் தேடி அலைய வேண்டுவதில்லை என்றும் கோர்ட்டார் முடிவு கூறினர். விற்ற பணம் செலவழிந்து போய்விட்டது; பொறுப்பு மாத்திரம் போகவில்லை.

இரண்டாவதாக, பாலிஸி. நாம் ஒரே காகிதமாகப் பெறும் பாலிஸியில் இருவகைக் காப்புகள் அடங்கியிருக்கின்றன. பிறர்க்கு நேரும் சேதத்துக்கானது ஒன்று. இதனைத் தர்ட் பார்ட்டி என்பர். நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கும் திருட்டுக்குமானது மற்றொன்று. வண்டி கைமாறுங்கால் இவ்விரண்டும் ஒரே வழியிற் செல்வதில்லை என்பதே நம்மவர் பலரும் அறியாதது. தர்ட் பார்ட்டிக் காப்பு, சட்டத்தின் 157-ஆவது பிரிவின்படி, கைமாறிய தேதியிலிருந்தே வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். கம்பெனிக்குத் தெரிவியாது விட்டாலும் அடிபட்டவரின் உரிமை கெடாதென்று 1999-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கின்றது. சொந்தச் சேதக் காப்போ அவ்வாறு தானே மாறாது. அது கம்பெனிக்கும் பாலிஸிதாரருக்கும் உள்ள தனி உடன்படிக்கை. கம்பெனி வாங்கியவரை ஏற்றுப் பாலிஸியில் அவர் பெயரைப் பதிந்தாலன்றி அவர் அதனைக் கேட்க இயலாதென்று 1996-ஆம் வருஷத்துத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்த தீர்ப்பு தெளிவாகக் கூறுகின்றது. ஆகவே, வாங்கியவர் 14 நாட்களுக்குள் விற்பனைச் சான்றுடன் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல், வண்டி வெள்ளத்தில் மூழ்கினாலும் களவு போனாலும் விற்றவருக்கு வண்டியில்லை, வாங்கியவருக்குப் பாலிஸியில்லை என்ற நிலைமை ஏற்பட்டு, இருவரும் வெறுங்கையுடன் நிற்க நேரிடும். சொந்தக்காரர்களுக்குள் மனத்தாங்கல் பிறக்க இதனினும் வேறு காரணம் வேண்டுமோ?

வண்டியை ஓட்டும் சொந்தக்காரருக்கான விபத்துக் காப்பு என்று பாலிஸியுடன் வருவதொன்றுண்டு. 2018 முதல் அது 15 லக்ஷ ரூபாய்க்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது விதி. அது அந்தச் சொந்தக்காரரின் உயிரையும் உடலையும் பற்றியது, வண்டியோடு வருவதன்று. வாங்குபவர் தம் பெயரில் வேறே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, நோ கிளெய்ம் போனஸ். வருஷம் முழுவதும் ஈடு கேளாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதல் வருஷம் நூற்றுக்கு 20 வீதமும், பின்னர் 25, 35, 45 என வளர்ந்து ஐந்தாம் வருஷம் 50 வீதமும் தள்ளிக் கொடுக்கப்படும். இச்சலுகை மனிதருக்கு உரியது, வண்டிக்கு உரியதன்று. ஜாக்கிரதையாக ஓட்டியவர் இவர். அதன் பலனும் இவருக்கே. எனவே விற்கும்போது அதற்குரிய சான்றுக் கடிதத்தைக் கம்பெனியிற் கேட்டு வாங்கி வைத்தால், மூன்று வருஷத்துக்குள் வாங்கும் வண்டிக்கு அதனைப் பயன்படுத்தலாம். வாங்குபவர் பழைய பாலிஸியைத் தம் பெயருக்கு மாற்றும்போது, எஞ்சிய காலத்துக்குரிய தள்ளுபடியைத் தாமே கட்ட வேண்டும். உதாரணமாக, சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய். போனஸ் 50 வீதம். கட்டியது 6,000 ரூபாய். பாலிஸியில் ஆறு மாதம் மிகுந்திருப்பின் வாங்குபவர் 3,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். விலை பேசும்போதே இதனையும் பேசிக்கொள்வது நலம்.

இனி, விற்பவருக்குள்ள வழிகள் மூன்று. பாலிஸியை வாங்குபவருக்கே மாற்றிக் கொடுப்பது ஒன்று. அதே வகுப்பைச் சேர்ந்த புதிய வண்டிக்கு எஞ்சிய காலத்துக்கு மாற்றிக்கொள்வது மற்றொன்று. இதற்குப் பழைய வண்டிக்கு வேறு இன்ஷூரன்ஸ் உண்டு என்ற சான்று வேண்டும். மூன்றாவது, பாலிஸியை ரத்துச் செய்து எஞ்சிய காலத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவது. ஏற்கெனவே ஈடு கேட்டிருப்பின் பணம் திரும்பாது. எவ்வழியிலும் மறவாதிருக்கத்தக்க விதி ஒன்றே: வண்டி ஒரு நாளேனும், ஏன், ஒரு மணி நேரமேனும் இன்ஷூரன்ஸ் இன்றித் தெருவில் நிற்றல் கூடாது. முன்னே புதியதை எடுத்துப் பின்னே பழையதை விடுவதே முறை. 2018 செப்டம்பர் முதல் புதுக் கார்களுக்குத் தர்ட் பார்ட்டிக் காப்பு மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கொடுக்கப்படுகின்றது. சொந்தச் சேதக் காப்பு ஒரு வருஷத்திலேயே முடிந்திருக்கலாம். ஆதலின் வாங்குபவர் இரண்டு தேதிகளையும் தனித்தனியே பார்த்தல் அவசியம்.

பழைய வண்டி வியாபாரியிடம் விடுவோர்க்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்புவித்ததை 29-சி பாரத்தின் மூலம் அதிகாரிக்குத் தெரிவித்தால், அது முதல் அவ்வியாபாரியே உடையவராகக் கருதப்படுவார். அங்கீகாரம் உண்டா எனக் கேட்டறியாமல் சாவியைக் கொடுத்தல் தகாது.

கடைசியாக, நாம் பேசத் தயங்குவதும் பேசவேண்டுவதுமான ஒன்று. குடும்பத் தலைவர் காலஞ்சென்றால் அவர் பெயரிலுள்ள பாலிஸி உடனே அற்றுப்போவதில்லை; மூன்று மாதம் வரையோ, பாலிஸியின் கெடு வரையோ, எது முந்தியதோ அதுவரை நிற்கும். அதற்குள் வாரிசு ரிஜிஸ்டரிலும் பாலிஸியிலும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். அவருடைய போனஸ் சலுகையும் அவ்வண்டியைப் பெறும் மனைவி, மக்கள் அல்லது பெற்றோரைச் சேரும். துக்கத்திலிருக்கும் தாய்மார்களுக்கு இதனை எடுத்துச் சொல்வார் இல்லாமையால் கெடு கடந்துபோகின்றது. கருமாதிக்குக் கூடும் பங்காளிகளுள் விவரம் அறிந்த ஒருவர் இப்பொறுப்பை ஏற்றுக்கொள்வாராயின், அதுவும் ஒரு கைங்கரியமே.

சகோதரர்களே! பத்திரம் கேட்பது அவநம்பிக்கை என்று எண்ணுதல் தவறு. பெண் கொடுத்துப் பெண் கொள்ளுமிடத்தும் நாம் நிச்சயதாம்பூலத்தன்று லக்னப் பத்திரிகை எழுதிப் படிக்கின்றோம். அது சம்பந்தியின்மேல் ஐயங்கொண்டன்று. அதுபோலவே வண்டியைக் கொடுக்கும் நாளிலேயே பாரங்களைப் பூர்த்தி செய்து, இருவரும் சென்று கொடுத்து, ரசீதைக் கையில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லைக் காப்பாற்றுவதற்கே காகிதம் வேண்டும். உறவைக் காப்பாற்றுவதற்கும் அதுவே வேண்டும். இவ்வழக்கத்தை நம் சங்கத்தார் தத்தம் இல்லங்களில் இன்றே தொடங்குவார்களென நம்புகின்றோம்.