ஒழுக்கத் தீர்ப்பும் வேதவாக்கியமும்: யோவான் எட்டாம் அதிகாரத்தை முன்வைத்து



வேதவாக்கியத்தைக் கொண்டு பிறருடைய ஒழுக்கத்தை, அதிலும் ஸ்திரீ புருஷ சம்பந்தமான ஒழுக்கத்தை, நிறுக்கப் புகுவோர் தத்தம் கட்சிக்குச் சாட்சியாகப் பெரிதும் அழைப்பது யோவான் சுவிசேஷத்து எட்டாம் அதிகாரத்தில் வரும் விபசாரப் பெண்ணின் சரிதத்தையே. இளகிய மனத்தினர் அதில் மன்னிப்பை மட்டும் கண்டு மகிழ்வர். கண்டிப்பானவர் இறுதியில் வரும், இனிப் பாவஞ் செய்யலாகாது என்ற கட்டளையை மட்டும் பற்றிக்கொள்வர். சந்தர்ப்பத்தை விசாரிப்பவர் இரு சாராரிலும் அரியர்.

தேவாலயத்திலே போதித்துக்கொண்டிருந்த இயேசுவின் முன் அப்பெண்ணைக் கொணர்ந்து நிறுத்திய வேதபாரகரும் பரிசேயரும் தர்மம் நாடி வந்தவர்களல்லர். அவரைக் குற்றஞ்சாட்ட வகை தேடியே வந்தனர் என்று சுவிசேஷமே உரைக்கிறது. கல்லெறியச் சொன்னால், யூதர் தாமாக மரண தண்டனை விதிக்கலாகாதென்ற ரோம ஆட்சியின் கட்டுப்பாட்டுக்கு மாறாகும். விட்டுவிடச் சொன்னால் மோசேயின் பிரமாணத்துக்கு விரோதமாகும். அப்பெண் அவர்களுக்குத் தூண்டிற்புழு.

ஆயின் அவர்கள் மேற்கோள் காட்டிய பிரமாணந்தான் யாது? லேவியராகமம் இருபதாம் அதிகாரமும் உபாகமம் இருபத்திரண்டாம் அதிகாரமும் ஆண், பெண் இருவருக்கும் ஒரே தண்டனையை விதிக்கின்றன. கையும் மெய்யுமாகப் பிடித்தோமென்று முழங்கியவர்கள் ஆடவனை எங்கே விட்டனர்? சாட்சிகளின் கையே முதலில் ஓங்கப்பட வேண்டுமென்பது உபாகமம் பதினேழாம் அதிகாரத்தின் விதி. பாவமில்லாதவனே முதற்கல்லை எறியட்டும் என்ற மறுமொழி அவ்விதியைத் தள்ளாமல், அதன் முழுப் பாரத்தையும் சாட்சிகளின் தோளிலேயே ஏற்றுகிறது. முதியோர் முதலாக ஒவ்வொருவராய் அகன்றனர். அப்போது இயேசு குனிந்து தரையில் என்ன எழுதினார் என்று வியாக்கியானகாரர் செய்த ஊகங்களுக்குக் கணக்கில்லை. நூல் சொல்லாததை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

இப்பகுதிக்கு இன்னொரு சரிதமும் உண்டு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இது இல்லை. சில பிரதிகளில் லூக்கா சுவிசேஷத்தில் இடம்பெற்றிருக்கிறது. பிற்காலத்தில் சேர்ந்ததென்பதே அறிஞரிற் பெரும்பாலோர் துணிபு. ஆயினும், தம் மனைவியர் பாவஞ்செய்யத் துணிந்துவிடுவரோ என்று அஞ்சிய சிலர் இதனை நீக்கிவிட்டனர் என அகுஸ்தீன் கருதினார். பிரதிகளின் வரலாறாக அக்கருத்து நிற்காதெனினும், அவர் காலத்துக் கணவன்மாரின் மனோபாவத்துக்கு அது நல்ல சாட்சி.

தண்டிக்கப்பட வேண்டியவர் இருவராயிருக்க, ஒருத்தியை மட்டும் நடுவே நிறுத்தியதே அன்றைய விசாரணையின் முதல் அநீதி. அவளை மட்டுமே பற்றி இன்று உபதேசிப்பதும் அதன் தொடர்ச்சியே. ஆதலால், பிரசங்க பீடத்தில் இவ்வதிகாரத்தை வாசிக்கும் குருமாரும் உபதேசிமாரும், அதனோடு லேவியராகமத்தின் அந்த இருபதாம் அதிகாரத்தையும் சபையார் கேட்க உரக்க வாசிக்குமாறு வேண்டுகிறேன்.