பனியுடைக்கும் கப்பலும் கணினிக் கணக்கும்
(மாத்தளையில் நிகழ்த்திய உரை)



உறைந்த கடலைக் கண்டறியாத மாத்தளையிலே பனியுடைக்கும் கப்பலைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று வியக்க வேண்டா. பொதுப்பணத்தில் ஒரு பெரும்பணி தொடங்குமுன், அது ஆகுமா ஆகாதா என்று அறிவது எவ்வாறு? அதற்கு இக்கப்பல் நல்லதோர் எடுத்துக்காட்டு.

அண்டை நாடாகிய இந்தியா 1981 முதல் தென்துருவத்துக்கு ஆராய்ச்சிக் குழுக்களை அனுப்பி வருகின்றது. அவை சென்றதெல்லாம் பெரும்பாலும் வாடகைக் கப்பல்களிலேயே. சொந்தத் துருவக் கப்பலொன்றைக் கட்டும் நோக்குடன், 2025 யூன் மாதத்தில் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளம் நோர்வேயின் கொங்ஸ்பெர்க் நிறுவனத்தோடு புரிந்துணர்வு உடன்பாடு செய்தது.

இத்தகைய கப்பல் சாய்ந்த முகப்பால் பனிமீது ஏறி, தன் எடையால் அதை வளைத்து உடைக்கின்றது. அப்போது எழும் தடையை மதிப்பிட 1989 இல் லிண்ட்குவிஸ்ட் என்பார் ஒரு கணக்குமுறை வகுத்தார். அதன்படி பனியின் தடிப்பு இரட்டித்தால், உடைக்கும் தடை இரட்டிப்பினும் மிகுகின்றது. தடை மிகுந்தால் பெரிய இயந்திரம் வேண்டும், அதற்கு எரிபொருள் மிகுதியாய் வேண்டும், எடை ஏறும், கப்பல் தாழும், மீண்டும் தடை மாறும். பனிக்கு ஏற்ற உருண்ட அடிப்பாகமோ திறந்த கடலில் பெரிதும் உருளும். மனிதன் பன்னாள் போடும் இச்சுழற்கணக்கைக் கணினி நிரல் நொடிகளில் நூறுமுறை போட்டு, ஆகாத வடிவங்களை உருக்கு வெட்டுமுன்னரே தள்ளிவிடுகின்றது. காகிதத்தில் தோற்பது மலிவு. கடலில் தோற்பது உயிர்ச்சேதம் அன்றோ!

ஆயினும் நிரல் கண்கண்ட தெய்வம் அன்று. லிண்ட்குவிஸ்டின் கணக்கு சமமாய் உறைந்த பனிக்கே உரியது. 2013 டிசம்பரில் தென்துருவப் பனியில் சிக்கிய ருஷ்யக் கப்பலுக்கு உதவச் சென்ற சீனப் பனியுடைக்கும் கப்பலான சூலோங், 2014 சனவரியில் தானும் சிக்கிக்கொண்டது. காற்று திரட்டிக் குவிக்கும் பனி, கணக்கில் கொண்ட பனியைப் போன்றதன்று. ஆகவேதான் பனித்தொட்டியில் மாதிரிக் கப்பலை ஓட்டியும் பார்க்கின்றனர்.

பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீர், 1976 முதல் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கவழியே நம் உக்குவளைக்கு வருகின்றது. 2018 இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கமும் நம் மாவட்டத்ததே. இனி இங்கே எத்திட்டம் வரினும், "கணினி ஆம் என்றது" என்ற சொல்லோடு நாம் அடங்கிவிடலாகாது. எவ்வாண்டின் மழையைக் கணக்கிட்டீர்? கடைமடைக்கு எவ்வளவு நீர்? எவர் நிலம் மூழ்கும்? பொறியியலாளர் இவ்வெண்களை வெளியிடுக. வயலையும் மழையையும் அறிந்த கமக்காரர் அவற்றைச் சோதிக்குக. நாம் கேட்கும் உரிமை இதுவே.