பழுது பார்த்தலும் படம் பார்த்தலும்: பழைய மகிழுந்துகளும் பட்டறைத் தமிழும்



மொழியியல் கற்றவர் மேடையேறினால் தொல்காப்பியத்தையோ கல்வெட்டையோ பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள், பழைய மகிழுந்துகளை வாங்கிப் புதுக்கி விற்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள். பணி ஓய்வுக்குப் பின் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து இவற்றைப் பார்க்கத் தொடங்கினோம். பொழுதுபோக்காகத் தொடங்கியது, மொழி பற்றிய ஒரு கேள்வியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அக்கேள்வியை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வகை நிகழ்ச்சிகளுள் நெடுங்காலம் நின்று பெயர் பெற்றது பிரித்தானியாவில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ‘வீலர் டீலர்ஸ்’. மைக் புரூவர் என்பவர் பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்துப் பேரம் பேசி வாங்குவார். எட் சைனா என்னும் பொறியாளர் அதைப் பட்டறையில் பிரித்துச் செப்பனிடுவார். மீண்டும் புரூவர் அதை விற்பார். இறுதியில் வாங்கிய விலை, உதிரிப்பாகச் செலவு, விற்ற விலை ஆகியவற்றைக் காட்டி இலாபம் சொல்வார்கள். 2004இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஓவர்ஹாலின்’ நிகழ்ச்சியில், உரிமையாளர் அறியாமல் வண்டியைக் கொண்டுபோய்ச் சிப் பூஸ் குழுவினர் புதுக்கித் திருப்பித் தந்தனர். 2013இல் வந்த ‘கார் எஸ்.ஓ.எஸ்.’ நிகழ்ச்சியும் இலாபத்தைக் கருதாமல், இன்னலுற்றோரின் பழைய வண்டிகளைச் சீராக்கித் தருவது. வகைகள் வேறாயினும் மூன்றும் காட்டுவது ஒரே செயலை.

அச்செயலுக்குத் தமிழில் என்ன பெயர்? ‘புதுக்குதல்’ உண்டு. புது என்னும் அடியிற் பிறந்த பழஞ்சொல் அது. ‘செப்பனிடுதல்’ உண்டு. செப்பம் என்பது கோணலின்மை. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் அது மனத்தின் நேர்மையைக் குறிக்கிறது. நசுங்கிய தகட்டை நேராக்குவதையும் நெஞ்சின் நேர்மையையும் ஒரு சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. கோயில்களைப் புதுக்குவதற்குத் திருப்பணி என்கிறோம். வடமொழி வழக்கில் சீர்ணோத்தாரணம் என்பர். இத்தனை இருந்தும் நாள்தோறும் நாம் வழங்கும் சொல் ‘பழுது பார்த்தல்’ என்பதே.

இச்சொல்லில் வரும் ‘பார்’ என்னும் வினையைச் சற்றே நின்று நோக்குங்கள். மருத்துவம் பார்க்கிறார் என்கிறோம். பிள்ளைப்பேறு பார்க்கிறார் என்கிறோம். வேலை பார்த்தல், கணக்குப் பார்த்தல், பழுது பார்த்தல், சுவரிலோ தகட்டிலோ பூச்சுக்குமுன் பட்டி பார்த்தல் என்று இப்பட்டியல் நீள்கிறது. இவற்றில் ‘பார்’ என்பது கண்ணின் தொழில் மட்டும் அன்று. கவனமும் கையும் ஒருங்கே ஈடுபட்டு ஒன்றை முடித்துத் தருவதையே இவ்வினை குறிக்கிறது. தொலைக்காட்சி பார்க்கிறோம் என்னும்போதோ கண்மட்டும் தொழிற்படுகிறது. கை மடியில் கிடக்கிறது. ஒரே வினை இருவகை வாழ்க்கையைச் சுமக்கிறது. பட்டறையில் பார்ப்பவர் குறைந்து, திரைமுன் பார்ப்பவர் பெருகும்போது மொழிக்கு என்ன நேர்கிறது என்பதே நம் கேள்வி.

இனி நம் ஊருக்கு வருவோம். பாடநூலில் நாம் ‘மகிழுந்து’ என்று கற்பிக்கிறோம். வகுப்பறைக்கு வெளியே மலேசியத் தமிழர் சொல்வது ‘காடி’. இந்தி வழி வந்த இச்சொல்லைத் தமிழகத்து அகராதியில் தேடினால், புளித்த நீர் என்னும் பொருளே முதலில் கிட்டும். மலாயில் வண்டியைக் குறிக்கும் ‘கெரெத்தா’ போர்த்துக்கீசியர் தந்தது. பட்டறையைக் குறிக்கும் ‘பெங்கெல்’ டச்சு மொழியிலிருந்து வந்தது. பழுது பார்ப்பவரை நாம் ‘போமன்’ என்கிறோம். அது மேற்பார்வையாளரைக் குறித்த ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஈப்போவின் ஒரு பட்டறையில் கால் மணி நேரம் நின்றால் ஐந்து மொழிகளின் பெயர்ச்சொற்கள் காதில் விழும். இதைக் கேட்டுத் தமிழ் அழிந்தது என்று வருந்துவோர் உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே எண்ணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், 1985இல் முதன்முதலாகச் சாலைக்கு வந்த புரோட்டோன் சாகா வகை வண்டி ஒன்றை வைத்திருந்தோம். அது மேடேறத் தயங்கவே, புந்தோங் பகுதியில் ஒரு சிறு பட்டறைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த முதியவர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்டம் கைமாறியபின் நகரத்துக்கு வந்து தொழில் கற்றவர். நீண்ட திருப்புளி ஒன்றின் முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஐயா, காடிக்கு மூச்சு வாங்குது. எண்ணெய் சரியா எறங்கல. கிளச்சும் வழுக்குது.”

அன்றுதான் நமக்கு ஓர் உண்மை புலப்பட்டது. கிளச், பிரேக், கியர், பிளக், பேட்டரி என்னும் பெயர்கள் எல்லாம் இரவல். ஆனால் அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும் வினைகளைக் கவனியுங்கள். பிரேக் பிடிக்கவில்லை. கியர் விழவில்லை. பிளக் அடைத்துக்கொண்டது. பேட்டரி இறங்கிவிட்டது. வண்டி ஒருபக்கம் இழுக்கிறது. மேட்டில் திணறுகிறது. எண்ணெய் குடிக்கிறது. நசுங்கிய தகட்டில் ‘ஒடுக்கு’ எடுக்கிறார்கள். ஒடுங்கு என்னும் வினை தந்த பெயர் அது. நோயைச் சொல்லும் மொழி முழுவதும் தமிழ். உடம்பைப் பற்றிப் பேசும் அதே வினைகளால் அவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். பெயர்ச்சொல் விருந்தாளி, வந்து தங்கும். வினைச்சொல்லே வீட்டுக்காரர்.

நாம் கலைச்சொல் ஆக்கும்போது பெரும்பாலும் பெயர்களையே ஆக்குகிறோம். கிளச்சுக்கு ஒரு சொல், கியருக்கு ஒரு சொல் என்று பட்டியல் அச்சிடுகிறோம். அப்பணி வேண்டுவதே. ஆனால், அப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவன் ஒரு பழுதையேனும் விளக்கிச் சொல்ல முடியுமா? வழுக்குதலுக்கும் நழுவுதலுக்கும், இழுத்தலுக்கும் திணறலுக்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை அறிந்தவர் பட்டறையில் நிற்பவர். அந்த அறிவு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இப்பொருளை இம்மாநிலத்தில் பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளுள் ஒன்பதைக் கோலகங்சாரில் நட்டார்கள். அவற்றுள் ஒன்று நெடுமரமாக இன்றும் அவ்வூரில் காட்டப்படுகிறது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். 1908இல் போர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் உருண்டோடின. அவற்றுக்கெல்லாம் டயர் வேண்டியிருந்தது. பேராவின் காடுகள் தோட்டங்களாக மாறின. நம் முன்னோர் பால்மரம் வெட்ட வந்தனர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாம் பிறந்த காலத்தில் துரைக்கு ஒரு வண்டி இருந்தது. பெரிய கிராணியாரிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. லயத்தில் இருந்தவர் எவரிடமும் மகிழ்ந்து செல்ல ஓர் உந்து இல்லை. உலகத்தின் சக்கரங்களுக்குப் பால் எடுத்துக் கொடுத்தவர்கள் நடந்தே போனார்கள்.

இந்த நினைவோடு அந்நிகழ்ச்சியின் இறுதிக் கணக்கைப் பாருங்கள். வாங்கிய விலை இருக்கிறது. உதிரிப்பாகச் செலவு இருக்கிறது. விற்ற விலை இருக்கிறது. எட் சைனா பட்டறையில் செலவிட்ட நாள்களின் கூலி அக்கணக்கில் இல்லை. கூலியைச் சேர்த்தால் பல வண்டிகளில் இலாபம் நிற்காது. பார்வையாளர் இதைப் பொருட்படுத்துவதில்லை. தோட்டத்துப் பிள்ளையாகிய நமக்கோ அந்த விடுபட்ட வரிதான் முதலில் கண்ணில் படுகிறது.

2017இல் எட் சைனா அந்நிகழ்ச்சியிலிருந்து விலகினார். விரிவான பட்டறைக் காட்சிகளைக் குறைக்கத் தயாரிப்புத் தரப்பு விரும்பியதே காரணம் என்று அவரே வெளிப்படையாக அறிவித்தார். பேரம் பேசுவதைப் படமாக்குவது எளிது. ஒரு திருகாணியை உடையாமல் கழற்றுவதைப் பொறுமையாகக் காட்டுவது கடினம், செலவும் மிகுதி. ஆயினும் அந்தப் பகுதிதான் கற்பித்தது. வேலையை வேலையாகக் காட்டும்போது அதற்குரிய சொற்களும் உடன் வருகின்றன. வேலை மறைந்து விலை மட்டும் நிற்கும்போது எஞ்சுவன எண்களே.

இங்கே நம் குறையையும் சொல்லியாக வேண்டும். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தோட்டந்தோறும் அலைந்து சொல் சேகரித்தோம். பால்வெட்டு, மங்கு, உளி, பிரட்டு, தண்டல் என்று எழுதி நிரப்பினோம். பட்டறைகளைக் கடந்து சென்றோமே தவிர உள்ளே நுழையவில்லை. கலப்புமொழி என்று ஒதுக்கினோம். புந்தோங் முதியவரைச் சந்தித்தபின் மீண்டும் வந்து அமர்ந்து எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லிவந்தோம். ஒரு வேலையை முன்னிட்டு மறு வேலையைத் தள்ளினோம். சென்றபோது பட்டறையின் கதவு மூடியிருந்தது. அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நம் குறிப்பேட்டில் அவர் தந்தவையாக இருப்பவை பதினொரு சொற்கள். எத்தனை இழந்தோம் என்று எண்ணிச் சொல்லவும் நம்மால் இயலாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவருக்கு விடுமுறைப் பணியாக ஒரு பட்டறையைக் கொடுங்கள். ஈப்போவிலும் மெங்லெம்பிலும் செம்மோரிலும் தமிழ் பேசும் போமன்மார் இன்னும் இருக்கிறார்கள். மாணவர்கள் உறுப்புகளின் பெயர்களை மட்டும் கேட்டு எழுதி வந்துவிட வேண்டா. ‘இதற்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்கட்டும். விடையை முழுத் தொடராக, அவர் சொன்னவாறே எழுதட்டும். சொன்னவரின் வயது, பிறந்த தோட்டம், தொழில் கற்ற ஊர் ஆகியவற்றையும் குறிக்கட்டும். நூறு மாணவர் ஆளுக்குப் பத்துத் தொடர் கொண்டுவந்தால் ஆயிரம் தொடர்கள். அவற்றிலிருந்து ஒரு பட்டறைத் தமிழ் அகராதி எழும். அதில் வினைகள் முதலிடம் பெறும்.

மாணவச் செல்வங்களே, அந்த நிகழ்ச்சிகளைப் பாருங்கள், தடையில்லை. பார்க்கும்போது அங்கே நடப்பதை நம் மொழியில் சொல்லிப் பாருங்கள். சொல் கிடைக்காத இடத்தில் எழுந்து, தெருமுனைப் பட்டறைக்குச் சென்று கேளுங்கள். அங்கிருக்கும் பெரியவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உங்களுக்குச் சொல்லுவார். நாம் நாளை என்று தள்ளியதை நீங்கள் இன்றே செய்யுங்கள்.