பத்து மதிப்பெண்தானே?



அமெரிக்காவில் 1802-இல் தோன்றிய வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவரைத் தேர்ந்தெடுக்கப் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு 60 படிப்புக்கு. 30 தலைமைப் பண்புக்கும் விளையாட்டு ஈடுபாட்டுக்கும். 10 உடற்தகுதிச் சோதனைக்கு.

பத்துதானேன்னு நினைச்சிடாதீங்க. படிப்பில் இருவர் சமமாக நின்றால், அந்தப் பத்துதான் ஒருவரை முன்னே தள்ளும். சோதனையில் தேறாவிட்டால், படிப்பில் புலியானாலும் கதவு திறக்காது. தண்டால், வயிற்றுப் பயிற்சி, ஒரு மைல் ஓட்டம் எல்லாம் அடுத்தடுத்துச் செய்யணும். ஒரே ராத்திரியில் உடம்பைத் தேற்ற முடியுமா?

நம் பிள்ளைகள் இங்கே ராணுவத்துக்கோ போலீசுக்கோ மனுப் போட்டாலும் உடம்பைப் பார்க்காமல் எடுக்க மாட்டார்கள். ஆகவே டியூஷனுக்கு அனுப்புங்கள். மாலையில் திடலுக்கும் அனுப்புங்கள்.