வால்வு ஆம்ப்ளிஃபையரும் கித்தாரும்

கழக்கூட்டம் என்றதும் இக்காலத்தில் பலருக்கும் நினைவில் எழுவன 1990-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டெக்னோபார்க்கின் கண்ணாடி மாளிகைகளே. முந்திய தலைமுறையினருக்கோ, அவ்வூருக்கு அண்மையிலுள்ள தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21-ஆம் நாள் ஏவப்பட்ட ராக்கெட் நினைவுக்கு வரும். நாம் இன்று பேச வந்தது இவ்விரண்டையும் பற்றியன்று. அவ்வூரில் ஒரு வாடகை வீட்டின் மேசை மீது நாம் கண்ட பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையர் ஒன்றே நமது பேச்சுக்குப் பொருள்.

அதனை வைத்திருந்தவர் டெக்னோபார்க்கில் பணிபுரியும் ஓர் இளைஞர், நாகர்கோவிலைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டா அங்கே மைக் செட் வாடகைக்கு விடும் தொழில் நடத்தியவர். கோயில் கொடை, கலியாணம், கட்சிக் கூட்டம் என்று எத்தனையோ பந்தல்களில் ஒலித்த பெட்டி அது. பாட்டா காலமான பின்பு பல ஆண்டுகள் பரணிற் கிடந்தது. பேரனுக்குக் கித்தார் வாசிக்கும் பழக்கம் உண்டு. “அண்ணாச்சி, இதைக் கித்தாருக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியுமா?” என்று நம்மிடம் கேட்டார்.

உடனே இசைய நமக்கு மனம் வரவில்லை. பழைய பெட்டிகளைப் புதுமோகத்தால் துளைத்தும் அறுத்தும் பாழாக்கியவர்களை நாம் அறிவோம். ஆயினும் பரணில் வைத்திருப்பதும் பாதுகாப்பு ஆகாது. மின்சாரம் காணாமல் நெடுங்காலம் கிடக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் தாமாகவே கெட்டுப்போகும். ஆதலால் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டோம். தகட்டில் புதிய துளை ஒன்றும் இடலாகாது. கழற்றும் உறுப்புகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இட்டு, எவ்விடத்தில் இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். நாளை ஒருவர் விரும்பினால் அது மீண்டும் மைக் செட்டாக வேண்டும்.

பேச்சினிடையே அவர் மற்றொன்றும் சொன்னார். பரணிலிருந்து இறக்கிய அன்றே அதனை இயக்கிப் பார்த்தாராம். இரண்டு பெரிய வால்வுகளில் ஒன்று அழகாகச் செந்நிறத்தில் ஒளிர்ந்ததாம். கைப்பேசியில் படமும் பிடித்திருந்தார். அந்தப் படத்தைக் கண்டு நாம் திடுக்கிட்டோம். வால்வில் ஒளிர வேண்டியது நடுவிலுள்ள சிறு இழை மட்டுமே. படத்தில் ஒளிர்ந்ததோ அதனைச் சூழ்ந்த பிளேட் என்னும் உலோகத் தகடு. வால்வு தன் ஆற்றலுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தால் வெந்துகொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

இதன் காரணத்தைச் சற்று விளக்குவோம். வால்வின் கேதோடிலிருந்து பிளேட்டை நோக்கி எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. இடையிலுள்ள கிரிட் என்னும் கம்பிவலை அவ்வோட்டத்தை அடக்கி ஆள்கிறது. முந்திய வால்வின் உயர்ந்த நேர் மின்னழுத்தம் இந்தக் கிரிட்டை வந்து அடையாதவாறு தடுத்து, ஒலிக்குரிய அலையை மட்டும் செல்லவிடுவதே இணைப்புக் கண்டென்சரின் பணி. அக்காலத்துக் காகிதக் கண்டென்சர்களுக்கு ஈரமே பகைவன். கடற்காற்றும் இடவப்பாதி மழையும் மாறி மாறித் தாக்கும் இக்கரையில் அவை கசியத் தொடங்குவதில் வியப்பில்லை. கசிந்தால் கிரிட்டின் கட்டு தளர்கிறது, தகடு சிவக்கிறது. ஒரு வால்வு மட்டும் சிவந்தமையால், இரண்டு கண்டென்சர்களில் அதற்குரியதே குற்றவாளி என்று ஊகித்தோம். அளந்தபோது அவ்வாறே இருந்தது. கார்பன் மின்தடைகளும் சில ஈரத்தை உண்டு, குறித்த அளவுக்கு மேல் ஏறியிருந்தன.

இதனினும் அஞ்சத்தக்கது ஒன்று பெட்டியின் பின்புறம் இருந்தது. மின்சாரம் வரும் கம்பி இரண்டு முனைப் பிளக்கில் முடிந்தது, நிலத்தொடர்பு இல்லை. போதாக்குறைக்கு, இரைச்சலைத் தணிக்கும்பொருட்டு மின்கம்பி ஒன்றிலிருந்து தகட்டுக்கு ஒரு சிறு கண்டென்சரும் இணைக்கப்பட்டிருந்தது. அக்கண்டென்சர் உள்ளே ஒட்டிக்கொண்டால் 230 வோல்ட்டும் தகட்டுக்கு வந்துவிடும். மைக் செட்டில் தகட்டைத் தொடுபவர் அரிது. கித்தாரில் அவ்வாறன்று. அதன் எஃகுத் தந்திகள் கேபிளின் உறை வழியாகத் தகட்டோடு நேரே இணைந்தவை. வாசிப்பவர் தம் இரு கைகளாலும் அவற்றைப் பற்றிக்கொண்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்பார். பாடுவாராயின் வேறொரு பெட்டியோடு இணைந்த மைக்கில் உதடும் படும். இவ்வாறு உயிர்விட்ட கலைஞர்கள் உலகில் உண்டு. ஆகவே கித்தாரைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்து, முதலில் அக்கண்டென்சரை அகற்றினோம். மூன்று கம்பிக் கேபிள் இட்டுத் தகட்டை நிலத்தோடு பிணைத்தோம். தக்க ஃபியூஸும் வைத்தோம்.

நேயர்களில் எவரேனும் இத்தகைய பெட்டியைத் திறக்க எண்ணினால் இதனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று எண்ணலாகாது. மின்வழங்கிப் பகுதியின் கண்டென்சர்கள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். தக்க மின்தடை ஒன்றின் வழியே அதனை வடித்து, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். இளமையில் அளக்காமல் கை வைத்து, நாம் நாற்காலியோடு பின்னால் விழுந்தது உண்டு. மற்றொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளும் வழக்கம் அன்று முதல் வந்தது.

சென்னை ரிச்சி தெருவிலிருந்து புதிய கண்டென்சர்கள் வந்தன. வால்வுகளோ அயல்நாட்டுச் சரக்கு. ஒருகாலத்தில் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் செய்யப்பட்ட வால்வுகள் இங்கு எளிதிற் கிடைத்தன. இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் ஆகிய நாடுகளே பெரும்பாலும் அவற்றைச் செய்கின்றன. புதிய இ.எல். 84 வால்வுகள் இரண்டைப் பொருத்தி அளந்தோம். இரண்டுக்கும் பொதுவான 130 ஓம் கேதோடு மின்தடையில் 10.4 வோல்ட் நின்றது. அப்படியாயின் ஓடுவது 80 மில்லி ஆம்பியர். திரை கிரிட்டுகளுக்குரியதைக் கழித்தால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஏறத்தாழ 36. பிளேட்டுக்கும் கேதோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தமையால், தகட்டில் வெப்பமாவது சுமார் 10.8 வாட். அந்த வால்வு தாங்கும் எல்லை 12 வாட். இதனைக் கண்ட பிறகே நமக்கு மூச்சு நேராக வந்தது.

இனி மாற்றத்துக்கு வருவோம். பேச்சுக்கு வேண்டியது தெளிவு. மேடையில் பேசுவோரின் சொல் சிறிதும் திரியாமல் கடைசி வரிசையைச் சென்றடைய வேண்டும். கித்தாரின் நிலை வேறு. அதற்கு ஆம்ப்ளிஃபையர் தூதுவன் அன்று. வாத்தியத்தின் ஓர் உறுப்பே ஆகும். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி. மீட்டும் விசைக்கேற்ப ஒலி கனத்து, முறுகி, உறுமவும் வேண்டும்.

இதில் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும் என்பதற்கு உலகறிந்த சான்று உண்டு. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையைச் சேர்ந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் என்னும் பெட்டியை முன்மாதிரியாகக் கொண்டு ஒன்றைச் செய்தனர். சுற்று ஏறக்குறைய அதுவே. முதல் வால்வு மட்டும் 12 ஏ.ஒய். 7-க்குப் பதிலாக இ.சி.சி. 83 ஆயிற்று. முன்னதன் பெருக்கக் காரணி 44. பின்னதன் காரணி 100. டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் வேறாயின. அதனால் எழுந்த ஒலியே பின்னர் ராக் இசையின் குரலாகிவிட்டது.

நமது பெட்டியில் இ.சி.சி. 83 முன்னரே இருந்தது. மைக்குக்காக அமைந்த உள்வாயில், கித்தாரின் பிக்கப்புக்குப் பெருஞ்சுமையாக இருந்து ஒலியின் ஒளியைக் கெடுத்தது. அதனை மாற்றி, கிரிட்டிலிருந்து தகட்டுக்கு ஒரு மெகோம் மின்தடையும், வரும் வழியில் 68 கிலோ ஓம் தடையும் இட்டோம். பின்னது வானொலி நிலையங்களின் அலை உள்ளே புகாமல் காக்கும். வானொலியிலேயே இதனைச் சொல்வது சற்று வேடிக்கைதான்!

அடுத்தது கேதோடு கண்டென்சர். 1.5 கிலோ ஓம் மின்தடைக்கு இணையாக 25 மைக்ரோஃபேரட் இருந்தது. அது இருக்கும்போது வால்வு எல்லாச் சுரங்களையும் சுமார் 60 மடங்கு பெருக்கும். அறவே இல்லையேல் 30 மடங்கே பெருக்கும். கித்தாரின் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதையும் முழு அளவில் பெருக்கினால், உரக்க வாசிக்கும்போது தாழ்ந்த ஒலி குழம்பி மற்றவற்றை மூடிவிடும். 0.68 மைக்ரோஃபேரட் வைத்தோம். இப்போது சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் முழுப் பெருக்கம் கிடைக்கிறது. தாழ்ந்த தந்தி அடக்கமாக, தெளிவாக ஒலிக்கிறது. சில ரூபாய் விலையுள்ள இந்த உறுப்பே செய்த மாற்றங்களில் நமக்கு மிகவும் பிடித்தது.

கடைசியாக எதிர்ப் பின்னூட்டம். வெளியேறும் ஒலியில் ஒரு பங்கை முன்னே திருப்பியனுப்பித் திரிபைக் குறைக்கும் ஏற்பாடு அது. பேச்சுக்கு நன்று, கித்தாருக்கோ சில வேளைகளில் கடிவாளம். அதனை வெட்டி எறியாமல், பழைய டோன் சுவிட்ச் இருந்த துளையிலேயே ஒரு சுவிட்சை வைத்து, வேண்டும்போது விலக்குமாறு செய்தோம்.

ஸ்பீக்கர் இணைப்பில் இளைஞர் ஒரு பிழை செய்ய இருந்தார். மைக் செட்டில் தொலைவிலுள்ள குழாய் ஸ்பீக்கர்களுக்கென்று 100 வோல்ட் லைன் என ஒரு முனை உண்டு. எட்டு ஓம் கூம்பு ஸ்பீக்கரை அதில் கொடுக்கலாகாது. எட்டு ஓம் முனையிலேதான் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் இயக்குவது இன்னும் கேடு. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். அதற்கு ஈடான மற்றொன்று கிடைப்பது அரிது.

எல்லாம் முடிந்து அவர் வாசித்தபோது வீட்டில் அவருடைய ஆச்சியும் இருந்தார். பின்னூட்டம் இணைந்திருந்தவரை தலையசைத்துக் கேட்டார். சுவிட்சை விலக்கிப் பெட்டி உறுமத் தொடங்கியதும், “செட்டு கெட்டுப்போச்சு, உங்க பாட்டா இருந்தா உடனே அணைச்சிருப்பா” என்றார். பேரன் சிரித்துக்கொண்டே வாசித்தார். இருவர் சொல்வதும் சரியென்றே நமக்குப் பட்டது.

பிஸ்கட் டின் பெட்டியின் மேலேயே இருக்கிறது. கர்க்கடக மழை முடிந்ததும் மீட்டரோடு ஒருமுறை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.