காற்று இழுத்த வண்டி

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கோத்தார்டு ரயில் குகைப்பாதையைக் குடையும் வேலை 1872இல் தொடங்கியது. நீளம் 15 கிலோமீட்டர். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ருக்குப் பாறையைப் பிளப்பதோடு கவலை தீரவில்லை. வெடிவைத்துப் பெயர்த்த கல்லை வெளியே இழுத்து வருவது எதைக் கொண்டு? குதிரை என்றால் அதற்கும் மூச்சு வேண்டும். நீராவி இன்ஜின் என்றால் அதன் நெருப்பு, உள்ளே இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் தின்றுவிட்டுப் புகையைக் கக்கும்.

பாறை துளைக்கும் கருவிகளுக்காக அழுத்தக் காற்று ஏற்கெனவே குழாயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஜெனீவாப் பேராசிரியர் டேனியல் கொலாடோன் உருவாக்கிய கம்ப்ரசர்களை மலையிலிருந்து இறங்கும் தண்ணீரே ஓட்டியது. அந்தக் காற்றையே சாதாரண நீராவி இன்ஜினின் கொதிகலனில் அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி நகர்ந்தது; அதிக தூரம் தாங்கவில்லை. பிறகு பெரிய காற்றுத் தொட்டியும், அழுத்தத்தைச் சீராகக் குறைத்துத் தரும் வால்வும் வைத்துத் தனி இன்ஜின்களே செய்யப்பட்டன.

சுரங்கத்தில் எந்தச் சக்தியைப் பயன்படுத்துவது என்ற கேள்வியை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் செலவுக் கணக்காகவே சொல்லிப் போகின்றன. தொழிலாளியின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்பதை வைத்தும் அதே வரலாற்றைச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே கசியும் மீத்தேன், காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால் நெருப்பு ஆகாது. பொறி பறக்கும் மின்கம்பியும் ஆகாது. 1913இல் பிரிட்டனின் சுரங்கங்களில் சுமார் 70,000 மட்டக்குதிரைகள் வண்டி இழுத்துக்கொண்டிருந்தன. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரின் ஹெச்.கே. போர்ட்டர் நிறுவனம் அதற்குள் காற்று இன்ஜின்களை நூற்றுக்கணக்கில் செய்து விற்றிருந்தது. தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரைகளின் வேலையை அவை எடுத்துக்கொண்டன.

அந்த இன்ஜினைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். குட்டையான உடம்பு, புகைபோக்கி கிடையாது. தொட்டியில் சதுர அங்குலத்துக்கு 800 பவுண்டு அளவுக்குக் காற்று திணிக்கப்பட்டிருக்கும். காற்று தீர்ந்ததும் வழியிலுள்ள குழாயோடு இணைத்தால் ஓரிரு நிமிடத்தில் நிரம்பிவிடும். தொல்லை எங்கே என்றால், அடைபட்ட காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்ந்துவிடும். அதிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி, காற்று வெளியேறும் துளைகளை அடைத்துக்கொள்ளும்.

இதற்குப் பொறியாளர் சார்லஸ் ஹாட்ஜஸ் கண்ட வழி அழகானது. முதல் சிலிண்டரில் வேலை செய்து சில்லிட்ட காற்றை, குழாய்கள் நிறைந்த ஒரு கூட்டின் வழியே அனுப்பினார். அந்தக் குழாய்களுக்குள் சுரங்கத்தின் சாதாரண வெப்பநிலையிலுள்ள காற்று பாயும். குளிர்ந்த காற்று அதில் சூடேறி, இரண்டாவது சிலிண்டரில் மறுபடி வேலை செய்யும். சூடேற்றக் கரி வேண்டாம், கட்டை வேண்டாம். சுரங்கத்தின் வெக்கையே எரிபொருள். கடைசியில் வெளியே வருவதும் குளிர்ந்த, சுத்தமான காற்று. வண்டி கடந்துபோன இடத்தில் நிற்பவர் தாராளமாக மூச்சு விடலாம். கம்ப்ரசரில் செலவான சக்தியில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்து இந்த இன்ஜினை மட்டம் தட்டுவது நியாயமில்லை.

வண்டியை இழுத்த அதே காற்றுதான் துளைக்கருவியையும் ஓட்டியது. அங்கே கதை தலைகீழ். கையால் உளியடித்த காலத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் பாறை தூளானது. அந்த நுண்ணிய தூள் நேரே நுரையீரலுக்குப் போய் சிலிகோசிஸ் நோயைக் கொடுத்தது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் ‘விதவையாக்கி’. டென்வரின் ஜார்ஜ் லேனர் உள்ளீடற்ற உளி ஒன்றைச் செய்து, துளையிலுள்ள தூளை வெளித்தள்ள அதன் வழியே காற்றை ஊதவிட்டார். தூள் தொழிலாளியின் முகத்திலேயே அடித்தது. அப்புறம் காற்றோடு தண்ணீரையும் சேர்த்தார். தூள் சேறாக வழிந்தது. 1890களின் இறுதியில் நடந்த இந்தத் திருத்தம் எத்தனையோ பேரின் ஆயுளை நீட்டியிருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எல்லாச் சுரங்கங்களுக்கும் உடனே போய்ச் சேரவில்லை.

கோலார் தங்கவயலில் இந்தக் கதை தமிழர்களின் கதையாகவும் ஆகிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அக்கம்பக்க மாவட்டங்களிலிருந்தும் போன குடும்பங்களே அங்கே பாறைக்கடியில் இறங்கின. நீராவியில் ஓடிய அந்தச் சுரங்கங்களுக்கு, 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்தது. பெங்களூருக்கு விளக்கெரிவதற்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம். அழுத்தக் காற்றில் ஓடிய துளைக்கருவிகள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கின. சிலிகோசிஸும் கூடவே இறங்கியது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே, நூறாண்டுகளாக அரைத்து, தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலந்து கொட்டிய பாறைத்தூள் மேடுகளாக நிற்கிறது. ஆடிக்காற்று வீசும் நாட்களில் அந்தத் தூள் பறந்து, சுரங்கத்தில் உழைத்தவர்களின் வீடுகளுக்குள் வந்து படிகிறது.